அத்தியாயம் 7: ஆளுக்கும் தரைக்கும் ஏற்ற கைத்தடி

காக்களூர் சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருப்பவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருப்பவர், ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ புராஜெக்ட் தேடிக்கொண்டிருக்கும் மாணவர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவருக்குக் காலில் அடிபட்டிருக்கும், அல்லது பக்கவாதம் வந்து தேறியிருப்பார். "உங்ககிட்டதான் மெஷின் எல்லாம் இருக்கே, ஒரு நல்ல ஸ்டிக் பண்ணிக் குடுங்களேன்" என்று வீட்டார் வந்து நிற்பார்கள்.

செய்து கொடுக்கலாம். இந்தப் பக்கத்தில் அதற்குப் பொருள் பஞ்சம் கிடையாது. அம்பத்தூரில் 1949 முதல் சைக்கிள் தொழில் இருக்கிறது. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955 முதல் எஃகுக் குழாய் செய்கிறது. ரப்பர் மோல்டிங், நைலான் கடைசல், டிரில்லிங் எல்லாம் ஒரு பஸ் தூரத்தில் முடிந்துவிடும். குறைவது அளவெடுக்கும் பழக்கம் மட்டும்தான். மருந்துக்கடைத் தடியை வாங்கி, கண் மதிப்பில் ஒரு துளையில் பட்டனை மாட்டிக் கையில் கொடுத்துவிடுகிறோம். தோள் வலிக்கிறது என்று சொல்லி, ஒரு மாதத்தில் அது கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதியைப் பிடித்துப் போகப்போகிறோம். கைத்தடியில் மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டியவை மூன்று: உயரம், பிடி, பாதம். உயரமும் பிடியும் ஆளுக்காக, பாதம் தரைக்காக. மற்றதெல்லாம் அசையாமல் இறுக்கமாக இருக்கட்டும். கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு அசையும் இணைப்பும் நாளைக்குத் தேயப்போகும் இடம், ஆட்டம் கொடுக்கப்போகும் இடம்.

1. முதலில் அவருடைய ஒரு நாளைக் கேளுங்கள்

டேப்பை எடுக்கும் முன் பேசுங்கள். ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் இந்த ரயில் பாதையில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். வயது 58. கவரைப்பேட்டையில் வீடு, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையின் ஸ்டோரில் வேலை. பக்கவாதத்துக்குப் பின் இடது கால் இழுக்கிறது, இடது கையில் பிடிமானம் இல்லை.

"ஐயா, காலையில எழுந்ததுலேர்ந்து எங்கெங்க நடப்பீங்க?" என்று கேளுங்கள். "நடக்க முடியுதா?" என்று கேட்டால் "முடியுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இடங்களைக் கேட்டால் இடங்கள் வரும்: கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, ஜல்லி பெயர்ந்த தெரு, ஸ்டேஷன் படிக்கட்டு, மின்சார ரயில், ஸ்டோரில் எண்ணெய் சிந்திய தரை.

இதில் ரயிலை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையில் சந்து. ஏறும்போது வாசல் கம்பியைப் பிடிக்க வேண்டும். அவருக்கு வேலை செய்வது வலது கை ஒன்றுதான். தடியும் அதே கையில். கம்பியைப் பிடிக்கும் அந்த நொடியில் தடி எங்கே போகும்? அவருக்கு முதலில் வேண்டியது நாலுகால் பாதமும் இல்லை, விளக்கும் இல்லை. தடி கீழே விழாமல் மணிக்கட்டில் தொங்க ஒரு பட்டை வேண்டும். அதுவும் எலாஸ்டிக் பட்டையாக, வேகமாக இழுபட்டால் கழன்றுவிடும்படி இருக்க வேண்டும். தடி எங்காவது சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் காதில் விழும். "ஸ்டிக்கு வேணாம்பா, கிழவனாட்டம் இருக்கும்." இதை வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிச் சாம்பல் நிறம் வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். கறுப்போ கருநீலமோ பவுடர் கோட்டிங் கேட்டால் செய்துகொடுங்கள். வெள்ளை மட்டும் வேண்டாம். வெள்ளைத் தடி பார்வையற்றோருக்கு உரிய அடையாளம். சாலையில் வண்டியோட்டிகள் அதை அப்படித்தான் படிப்பார்கள்.

2. எந்தக் கை?

பலவீனமான காலுக்கு எதிர்க் கையில் தடி இருக்க வேண்டும். இடது கால் வலித்தால் வலது கையில். பலர் வலிக்கிற காலின் பக்கமே ஊன்றுகிறார்கள். சினிமாவிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறோம்.

காரணம் இடுப்பில் இருக்கிறது. இடது காலில் மட்டும் நிற்கும்போது உடல் எடை வலப்பக்கம் சாயப் பார்க்கிறது. சாயாமல் பிடித்து நிறுத்துவது இடது இடுப்பின் வெளிப்புறத் தசை. அது மூட்டுக்கு மிக அருகில் இருந்து இழுப்பதால் உடல் எடையைவிடப் பெரிய விசையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விசை முழுவதும் மூட்டின் மேலேயே அழுத்துகிறது. வலது கையில் தடி இருந்தால் அது மூட்டிலிருந்து வெகு தூரத்தில் ஊன்றுகிறது. நெம்புகோலின் நீளம் கூடுவதால் சிறு அழுத்தமே தசையின் வேலையில் பெரும்பங்கைக் குறைத்துவிடும். அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளௌன்ட் 1956-இல் கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதி இந்தக் கணக்கை விளக்கினார்.

நடை: தடியும் பலவீனமான காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில். திருத்தணி மலையின் 365 படிக்கும் அரசுப் பேருந்தின் இரண்டு படிக்கும் இதே முறைதான்.

3. எவ்வளவு உயரம்?

அவர் வழக்கமாக அணியும் செருப்போடு நேராக நிற்கட்டும். கைகளைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கம் இருக்கும் மடிப்பிலிருந்து தரை வரை அளவெடுங்கள். தடியின் பிடி வர வேண்டிய உயரம் அதுதான். பிடித்து ஊன்றிப் பார்க்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி வரை மடிந்திருக்கும். தோள் மேலே தூக்கினால் தடி உயரம். ஒரு பக்கமாகக் குனிந்தால் குட்டை.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே செருப்பு. தடிமனான ரப்பர் செருப்பென்றால் 20 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். நாளில் அதிக நேரம் எங்கே நடக்கிறாரோ, எங்கே விழுந்தால் ஆபத்து அதிகமோ, அந்த அளவை எடுங்கள். ஆலைக்குப் போகிறவருக்கு சேஃப்டி ஷூவோடு அளவெடுக்க வேண்டும்.

அடுத்தது எவ்வளவு பாரம் போடுகிறார் என்பது. வீட்டு எடை மெஷின் ஒன்றைத் தடி வரும் பக்கம் தரையில் வையுங்கள். அதே தடிமனுள்ள பலகையில் அவர் நிற்கட்டும். தடியை மெஷினின் மேல் ஊன்றி, வழக்கம்போல் சாயச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். 60 கிலோ ஆள் 8 முதல் 12 கிலோ வரை அழுத்தினால் கைத்தடி போதும். உடல் எடையில் கால்பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு முழங்கை ஊன்றுகோலோ வாக்கரோ தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட். அடிக்கடி தலைசுற்றல், சமீபத்தில் விழுந்தது, புதிதாக வந்த மரத்துப்போதல் என்று எது இருந்தாலும் அப்படியே. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லலாம். போக முடியாதவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

4. வாங்குவதா, செய்வதா?

மருந்துக்கடையில் அலுமினியத் தடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே பொருளை ஒன்றிரண்டாகச் செய்து அந்த விலைக்குக் கொடுக்க உங்களால் முடியாது. ஆகவே வரிசை இது: முதலில் கடைத்தடியை வாங்கி அளவு பாருங்கள். பொருந்தினால் வேலை முடிந்தது. பிடி மட்டும் பொருந்தவில்லை என்றால் பிடியை மட்டும் செய்யுங்கள். பாதம் என்றால் பாதத்தை மட்டும். பலருக்கு ஒரே மாதிரி தேவை, கடையில் அது இல்லை என்றால்தான் முழுத் தடி.

இதற்கு நல்ல முன்மாதிரி சென்னையிலேயே தயாரானது. டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழு பார்வையற்றோருக்காக உருவாக்கிய 'ஸ்மார்ட்கேன்' 2014-இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். வெள்ளைத் தடி தரையில் உள்ளதைத் தட்டிச் சொல்லிவிடும். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, லாரியின் பின்பக்கம் போன்றவை அதில் படாது. அந்த ஒரு குறையைத்தான் குழு எடுத்துக்கொண்டது. தடியை மாற்றவில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் மடக்குத் தடியின் பிடியில் மீயொலிக் கருவியை ஏற்றினார்கள். எதிரே தடை இருந்தால் பிடி அதிரும். பல ஆண்டுகள் பழகிய தடி நடையை யாரும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் நடத்தும் மறுவாழ்வுக் கருவி மையமும் இப்படித்தான் குறையிலிருந்து தொடங்குகிறது. உட்கார்ந்தபடியும் எழுந்து நின்றபடியும் பயன்படுத்தும் 'அரைஸ்' சக்கர நாற்காலி அங்கிருந்து 2019-இல் வந்தது. அதைத் தயாரித்ததும் ஃபீனிக்ஸ்தான். நீங்களும் ஒரே ஒரு குறையை எடுத்துத் தீர்த்தால் போதும். விளக்கு, ரேடியோ, அலாரம் என்று எல்லாம் வைத்த தடி கல்லூரிக் கண்காட்சியில் பரிசு வாங்கும். தெருவில் கனம்தான் தெரியும்.

5. குழாய்: கீழேயிருந்து மேலே

முழுத் தடி செய்வதென்று முடிவானால், வடிவமைப்பைப் பிடியிலிருந்து தொடங்காதீர்கள். நுனியில் மாட்டும் ரப்பர் புஷ்ஷிலிருந்து தொடங்குங்கள். தடியில் முதலில் தேய்வது அதுதான். உங்கள் தடிக்கென்று தனி அளவில் புஷ் வார்த்தால், அது தேயும் நாளில் தடியும் செத்துவிடும். 19 மி.மீ., அதாவது முக்கால் இன்ச் துளையுள்ள புஷ் பரவலாகக் கிடைக்கிறது. ஆகவே கீழ்க்குழாயின் வெளி விட்டம் 19 மி.மீ. அதன் மேல் ஏறும் மேல்குழாய் 22 மி.மீ. வெளி விட்டம், 1.2 மி.மீ. கனம். உள்ளே 19.6 மி.மீ. வரும்.

எந்த உலோகம்? கும்மிடிப்பூண்டியில் கை நீட்டினால் இரும்புதான். ஸ்கிராப்பில் கிடக்கும் அரை இன்ச் ஜி.ஐ. பைப்பை எடுத்துவிடத் தோன்றும். எடையைப் பாருங்கள்:

- அரை இன்ச் ஜி.ஐ. பைப், மீடியம் ரகம், 90 செ.மீ.: சுமார் 1,100 கிராம்
- 22 மி.மீ. எஃகுக் குழாய், 1.2 மி.மீ. கனம், 90 செ.மீ.: சுமார் 550 கிராம்
- அதே அளவு அலுமினியக் குழாய்: சுமார் 190 கிராம்

ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை தூக்கி வைக்க வேண்டிய பொருள் இது. அலுமினியம்தான் சரி. கேட்டு வாங்க வேண்டியது 6061 அல்லது 6063 ரகம், டி6 பதம். கதவு ஜன்னல் செய்யும் அலுமினிய செக்ஷன் கடையிலும் 6063 இருக்கும். ஆனால் கனம் 1 மி.மீ.க்குக் குறைவாகவும் பதம் டி5 ஆகவும் இருக்கக்கூடும். வெர்னியர் இல்லாமல் வாங்காதீர்கள். பி.வி.சி. பைப் எந்தக் கனத்திலும் வேண்டாம்.

டி6 அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் வைத்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி சூட்டில் பதம் இறங்கி வெகுவாக வலு குறைந்துவிடும். பிடி சேருமிடத்தில்தான் வளைவு விசை அதிகம். அங்கே வெல்டிங் வேண்டாம். 80 மி.மீ. நீள அலுமினியக் கட்டையை லேத்தில் கடைந்து குழாய்க்குள் இறுக்கமாக இறக்கி, எம்6 போல்ட்டும் நைலாக் நட்டும் போட்டுப் பிடியைக் கட்டுங்கள். நாளைக்குப் பிடியை மட்டும் மாற்றுவதற்கும் அதுவே வழி.

6. துளையும் பட்டனும்

கீழே உள்ளது 70 முதல் 92.5 செ.மீ. வரை மாறும் தடியின் வெட்டு அளவு. மேலே பிடிக்கு 40 மி.மீ., கீழே ரப்பருக்கு 20 மி.மீ. என்று கணக்கு.

- மேல்குழாய் நீளம்: 560 மி.மீ.
- கீழ்க்குழாய் நீளம்: 400 மி.மீ.
- கீழ்க்குழாயில் பட்டன் துளை: மேல் நுனியிலிருந்து 50 மி.மீ.
- மேல்குழாயில் துளைகள்: கீழ் நுனியிலிருந்து 45 மி.மீ.யில் முதல் துளை, பிறகு 25 மி.மீ.க்கு ஒன்றாக மொத்தம் 10
- முழுதாக நீட்டும்போது ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளம்: 95 மி.மீ. இதைக் குறைக்காதீர்கள்

25 மி.மீ. படி சிலருக்குப் பெரிது. ஒரு துளையில் தோள் தூக்கும், அடுத்ததில் குனிவார். அதற்குக் கீழ்க்குழாயில் முதல் பட்டன் துளைக்கு 37.5 மி.மீ. கீழே இன்னொரு துளை போட்டுவையுங்கள். உள்ளே இருக்கும் வி-ஸ்பிரிங் பட்டனைக் கழற்றி அதில் மாட்டினால், 25 மி.மீ. படிகளுக்கு நடுவே விழும் 12.5 மி.மீ. அளவுகள் கிடைத்துவிடும். கூடுதல் செலவு ஒரு துளை மட்டும்தான். பட்டன் ஒரு சமயத்தில் ஒரு துளையில்தான் இருக்க வேண்டும்.

துளை எந்தப் பக்கம் என்பது இந்த அத்தியாயத்தில் முக்கியமான சங்கதி. பிடி முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருப்பதால் தடி முன்பின்னாகத்தான் வளையப் பார்க்கும். குழாயின் முன்பக்கமும் பின்பக்கமும் இழுபட்டும் அழுந்தியும் விசை தாங்குகின்றன. இரு விலாவிலும் அந்த விசை ஏறக்குறைய இல்லை. ஆகவே துளை வரிசையை விலாவில் போடுங்கள். முன்பக்கம் போட்டால் விரிசல் துளை விளிம்பில்தான் பிறக்கும். துளைகளை மேல்குழாயின் கீழ்ப்பாதியில் வைப்பதும் இதே காரணத்துக்காக. நுனியை நோக்கிப் போகப் போக வளைவு குறைகிறது.

கையால் சென்டர் பஞ்ச் அடித்து 10 துளை போட்டால் வரிசை கோணும். இரும்புப் பட்டையில் ஒரு ஜிக் செய்துகொள்ளுங்கள். ஒரு துளை போட்டதும் அதில் பின்னைச் செருகி அடுத்ததற்கு நகரும் வகையாக இருந்தால், 50 தடிக்கும் ஒரே இடைவெளி வரும். துளை, பட்டனைவிட 0.2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். உள்பக்கப் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பட்டன் பாதியில் நின்றுவிடும். பாதி வெளியே வந்த பட்டன், பட்டனே இல்லாத தடியைவிட மோசம். பூட்டியது போலத் தெரிந்து, பாரம் வைத்ததும் இறங்கும்.

இரு குழாய்க்கும் நடுவே 0.6 மி.மீ. சந்து இருக்கிறதல்லவா, ஊன்றும்போது 'டக் டக்' என்று கேட்பது அதுதான். சத்தம் சின்னது, ஆனால் ஊன்றுபவருக்குத் தடியின் மேல் நம்பிக்கை அங்கேதான் போகிறது. மேல்குழாயின் கீழ் நுனியில் நைலான் வளையம் ஒன்றைக் கடைந்து போட்டு, திருகி இறுக்கும் காலரையும் சேருங்கள். காலர் ஆட்டத்தை நிறுத்துவதற்கு. பாரத்தைத் தாங்குவது பட்டன்தான். காலர் மட்டும் வைத்த தடி வேண்டவே வேண்டாம்.

மடக்குத் தடி கேட்பார்கள். மடக்கினால் இணைப்புகள் மூன்று நான்கு ஆகும். பைக்குள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற தேவை இருந்தால் மட்டும் அது.

7. பிடி

வளைந்த கொக்கிப் பிடி மாட்டி வைக்க வசதி. ஆனால் பாரம் தண்டுக்கு வெளியே விழுகிறது. உள்ளங்கையில் குறுகிய இடத்தில் அழுத்தும். டி வடிவப் பிடி பெரும்பாலானவருக்குப் போதும்: நீளம் 110 முதல் 120 மி.மீ., பருமன் 30 முதல் 35 மி.மீ. விரல்மூட்டு வாதம் உள்ளவருக்கும் முழுதாக விரல் மடியாதவருக்கும் 40 மி.மீ. வரை பருமனாக்குங்கள். உள்ளங்கை முழுவதும் தாங்கும் அகலப் பிடி அவர்களுக்கு இன்னும் நல்லது. அது இடது கைக்கு வேறு, வலது கைக்கு வேறு. ஆர்டர் எடுக்கும்போதே எந்தக் கை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கழுத்து வளைந்த பிடி, அதாவது குழாயே ஒரு பக்கம் வளைந்து எதிர்ப்பக்கம் திரும்பும் வகை, பாரத்தை நேராகத் தண்டின் மேல் இறக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரின் பிடிக்கும் இடமும் 22 மி.மீ. அளவுதான். ஆகவே எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும் ரப்பர் கிரிப் இதில் அப்படியே ஏறும். வியர்வையில் பிசுபிசுத்துப்போன கிரிப்பை வீட்டிலேயே மாற்றிக்கொள்வார்கள். குழாயை வளைக்க வேண்டுமானால், டி6 பதத்தில் இறுக்கமாக வளைத்தால் வெடிக்கும். வளைத்தே வரும் மேல்பாகத்தை வாங்கிப் பொருத்துவது மேல்.

8. பாதம்

மாற்றும் பாதம்தான் இந்தத் தடியின் பெரிய வசதி. மூன்று போதும்.

ஒற்றை ரப்பர்: அன்றாடத்துக்கு. அடிப்பாகம் 35 முதல் 45 மி.மீ. அகலம், நல்ல வரிப்பள்ளம், உள்ளே எஃகு வாஷர். வாஷர் இல்லாத புஷ்ஷைக் குழாய் விளிம்பு சில வாரங்களில் குத்தி வெளியே வந்துவிடும். எண்ணெய்த் தரையில் நடப்பவருக்கு நைட்ரைல் ரப்பர் கேளுங்கள். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

நாலுகால் பாதம்: மெதுவாக நடப்பவருக்கு, நின்ற இடத்தில் தடியை விட்டுவிட்டுக் கதவைத் திறக்க வேண்டியவருக்கு. சமதளத்தில் நான்கும் ஒருசேரப் படும். பெயர்ந்த தெருவில் இரண்டு மூன்றுதான் படும், தடி ஆடும். படியின் அகலத்துக்குள் அடங்காவிட்டால் ஆபத்து. கால்கள் அதிகம் நீட்டியிருக்கும் பக்கம் உடலுக்கு வெளியே இருக்க வேண்டும்; உள்ளே இருந்தால் சொந்தக் காலே தட்டும். ஒரே பாதம் இடது, வலது இரண்டுக்கும் உதவ, சாக்கெட்டில் எதிரெதிராக இரண்டு துளை போட்டு 180 டிகிரி திருப்பும்படி செய்யுங்கள்.

மணல் பாதம்: பழவேற்காடு மாதிரி மணல் ஊர்களுக்கு. 80 முதல் 100 மி.மீ. விட்டத்தில் வட்டத் தட்டு, கீழே ரப்பர் ஒட்டியது. ஒற்றை ரப்பர் மணலில் புதையும். தட்டு பாரத்தைப் பரப்பிவிடும். மழைக்காலச் சேற்றுக்கும் இதுவே உதவும்.

ஒரு எச்சரிக்கை: பாதம் மாறினால் தடியின் நீளமும் மாறும். மூன்று பாதத்துக்கும் ஒரே உயரம் வரும்படி வடிவமையுங்கள். முடியாவிட்டால் எந்தப் பாதத்துக்கு எந்தத் துளை என்று தடியிலேயே பொறித்துவிடுங்கள்.

9. பட்டறைச் சோதனை

ஐ.எஸ்.ஓ. 11334 வரிசையும், ரப்பர் நுனிக்கான ஐ.எஸ்.ஓ. 24415-உம் உலக அளவில் உள்ள தரநிலைகள். விற்பனைக்கு இறங்குபவர் அவற்றை வாங்கிப் படித்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும்; மருத்துவச் சாதன விதிகள் 2017-ன்படி என்ன பதிவு தேவை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு தடி செய்பவருக்கு, கையில் கொடுக்கும் முன் குறைந்தபட்சம் இவை:

1. பாரம்: தடி தாங்க வேண்டியது உடல் எடையில் கால்பங்குதான். சோதனையை முழு உடல் எடையில் செய்யுங்கள். அதிகபட்ச நீளத்தில் நிறுத்தி, பிடியின் நடுவில் ஒரு நிமிடம் பாரம் வையுங்கள். ஆளை ஏற்றிச் சோதிக்காதீர்கள். மணல் மூட்டையோ பிரஸ்ஸோ போதும். பிறகு ஸ்கேல் வைத்து வளைவு பாருங்கள். பட்டன் துளை நீள்வட்டமாகியிருந்தால் தடி தேறவில்லை.

2. வழுக்கல்: ஈரமான கிரானைட் துண்டில் தடியை 20 டிகிரி சாய்த்து அழுத்துங்கள். அந்தச் சாய்வில் நிற்க ரப்பருக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.36-க்குக் குறையாமல் வேண்டும். நழுவினால் வேறு ரப்பர்.

3. விழுதல்: பிடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் பத்து முறை பக்கவாட்டில் விழவிடுங்கள். பட்டனும் பிடியும் அசையக் கூடாது.

4. களைப்பு: நாளைக்கு 2,000 முறை ஊன்றினால் ஆண்டுக்கு 7,30,000. ஆலையில் சும்மா கிடக்கும் நியூமேட்டிக் சிலிண்டர் ஒன்றை நொடிக்கு ஒரு முறை அழுத்தும்படி வைத்தால், எட்டரை நாளில் ஓராண்டு ஓடிவிடும். தினம் ஒரு முறை துளை விளிம்புகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

10. கையில் கொடுக்கும்போது

செய்து முடித்த தடியை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் நடக்கும் தெருவில், அவர் ஏறும் படியில் ஒரு முறை கூட நடந்து பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 16-ஐக் கடந்து ஷிஃப்டுக்குப் போகிறவரானால் தண்டில் இரண்டு இடத்தில் ரிஃப்ளெக்டர் டேப் சுற்றுங்கள். சிப்காட் பக்கம் பிகார், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் நிறைய. பயன்படுத்தும் முறையைத் தமிழ் வரிகளில் மட்டும் எழுதாமல் படமாகவும் வரைந்து கொடுங்கள்.

இலவசமாகக் கிடைக்க வழியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி முதலில் தம் மருந்தகத்தில் கேட்கட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். வருமானம் குறைந்த 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவில் கைத்தடி, நாலுகால் தடி, வாக்கர் எல்லாம் உண்டு. இதே நெடுஞ்சாலையில் வடக்கே இருக்கும் நெல்லூரில் 2017 ஏப்ரல் 1-இல் தொடங்கிய திட்டம் அது. இப்படிக் கிடைக்கும் தடிக்கும் மேலே சொன்ன அளவெடுப்பு பொருந்தும். இலவசத் தடியை அளவு பார்த்துச் சரிசெய்து கொடுப்பதும் உங்கள் பட்டறை செய்யக்கூடிய வேலைதான்.

ஒரு மாதம் கழித்துத் தடியோடு வரச் சொல்லுங்கள். தேய்ந்த புஷ் நிறையச் சொல்லும். வரிப்பள்ளம் ஒரு பக்கம் மட்டும் மறைந்திருந்தால் தடியைச் சாய்த்து ஊன்றுகிறார். உயரத்தையோ நடையையோ திரும்பப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அளவு சரி, புஷ்ஷை மட்டும் மாற்றுங்கள். எடை மெஷின் சோதனையை மறுபடி செய்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் கால் தேறுகிறது. கூடியிருந்தால் தடியில் கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கொடுக்கும் ஒவ்வொரு தடியிலும் நான்கு விவரம் அழியாதபடி பொறித்திருக்க வேண்டும்: பட்டன் இருக்க வேண்டிய துளை எண், எந்தக் கை, தாங்கும் எடை, 'ரப்பர் புஷ் 19 மி.மீ.' முதல் மூன்றும் இன்றைக்கு உதவும். நான்காவதைப் பார்த்து, ஆறு மாதம் கழித்து அவருடைய பேரப்பிள்ளைகூடக் கடைக்குப் போய்ச் சரியான புஷ்ஷைக் கேட்டு வாங்கி வந்துவிடலாம்.